சென்ட்ஓஎஸ்ஸிலிருந்து டெபியனுக்கு

எங்கள் அலுவலகச் சர்வர் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடியது. 2024 ஜூன் 30-உடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் இனி திறந்தே கிடக்கும். ஊழியர்களின் சம்பள விவரத்தை அப்படி விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

ஆல்மா, ராக்கி என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டும் சென்ட்ஓஎஸ்ஸின் வழியிலேயே வந்தவை, மாறுவது எளிது. ஆனாலும் டெபியனைத் தேர்ந்தேன். 1993-இல் தொடங்கிய அதைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள்; ஒரு நிறுவனம் நினைத்து அதை நிறுத்திவிட முடியாது.

மென்பொருள் நிறுவ டெபியனில் சென்ட்ஓஎஸ்ஸின் ‘யம்’ கட்டளை இல்லை, ‘ஆப்ட்’. வலைச் சேவையான அப்பாச்சியின் அமைப்புக் கோப்புகளும் வேறு இடத்தில் இருக்கும். அதனால் பழைய கோப்புகளை அப்படியே நகலெடுக்கக் கூடாது. புதுக் கணினியில் டெபியனை நிறுவி, தரவுகளை ஏற்றி, காப்புப்பிரதி உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியான பிறகே பழையதை அணையுங்கள்.