நம் காலடியில் நகரும் பூமி



26.12.2004 ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணி அளவில், வடக்குச் சுமத்திராவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. பினாங்கின் அடுக்குமாடிகளில் இருந்தோர் ஆட்டத்தை உணர்ந்தனர். கடல் பொங்கி வந்ததோ நண்பகலுக்குப் பிறகுதான். இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தும், மலேசியாவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பூமியின் மேலோடு ஒரே பாறையன்று. பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. உலகின் பெரும்பாலான நிலநடுக்கங்கள் இத்தட்டுகளின் எல்லைகளில்தான் நிகழ்கின்றன. சுமத்திராவுக்கு மேற்கே, இந்திய–ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்து, அத்தீவின் அடியில் நுழைகிறது.

வகுப்பில் இதை ஓர் அடிக்கோலைக் கொண்டு விளக்குவேன். மேசை விளிம்பில் நீட்டிய அடிக்கோலின் நுனியை அழுத்தினால் அது வளையும். விட்டால் துள்ளி எழும். அவ்வாறே, கீழே நுழையும் தட்டு மேல்தட்டின் ஓரத்தைப் பற்றி நெடுங்காலம் கீழ்நோக்கி இழுக்கிறது. பிடி விட்டதும் அந்த ஓரம் துள்ளி எழுகிறது. அதுவே நிலநடுக்கம். மேலிருந்த கடல்நீரையும் அது தூக்கிவிட்டால் சுனாமி. 2004இல் அந்தப் பிடி, அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விட்டுப்போனது.

நாம் வாழ்வது அவ்வெல்லையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, சுண்டாத் தட்டின் உட்பகுதியில். அதனால் தீபகற்பத்தில் வீடுகள் இடிவதில்லை. ஆனால் மெதுவாக அசையும் நெடிய அலைகள் வெகுதூரம் பயணம் செய்யும். உயர்ந்த கட்டடங்களும் அதே மெதுவான தாளத்தில் ஆடக்கூடியவை. ஆகவேதான் தரையில் நிற்பவர் உணராததை மேல்மாடியில் இருப்பவர் உணர்கிறார்.

எல்லைக்கு அப்பால் இருப்பதால் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடலாகாது. தட்டின் உள்ளேயும் பாறைப் பிளவுகள் உண்டு. 5.6.2015இல் சபாவின் ரானாவில் நிலம் நடுங்கி, கினாபாலு மலையில் 18 உயிர்கள் பறிபோயின.

2005இல் மலேசியாவில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. எனினும் நம் கடமையும் உண்டு. கடற்கரையில் வலுவான அல்லது நீண்ட ஆட்டத்தை உணர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, சங்கொலிக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்லுங்கள். முதல் அலையோடு திரும்பிவிடாதீர்கள். அடுத்தது அதைவிடப் பெரியதாகலாம். அன்று கிடைத்த நான்கு மணி நேரம் வீணாயிற்று. இனியொரு நாள் வீணாகாதிருக்க, இவ்விதழைப் படித்ததும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.