முன்கணிப்பும் பயன்கணிப்பும்: புற்றுநோய்க் குருதிச் சோதனைகளின் வணிகமயமாக்கம்

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு நோயாளிக்குப் பலன் தருமா என்பதைக் குருதியின்வழி அறிய முயலும் சோதனைகள் சந்தைக்கு வந்துள்ளன. நோயின் போக்கைக் காட்டும் சோதனையும் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் சோதனையும் ஒன்றல்ல என்பதை, அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரு சோதனைகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குருதிச் சோதனை, முன்கணிப்பு, பயன்கணிப்பு, சுழலும் புற்றுச்செல்கள், மரபணுத் திரிபு

முன்னுரை

எந்தச் சிகிச்சை அளித்தாலும் நோய் எவ்வாறு முடியக்கூடும் எனக் காட்டுவது முன்கணிப்பு. குறிப்பிட்ட மருந்தால் யாருக்குப் பலன், யாருக்கு இல்லை எனப் பிரித்துக் காட்டுவது பயன்கணிப்பு. முன்னது சரியாக இருப்பதனாலேயே பின்னதும் சரியாகிவிடாது. சோதனையொன்று விற்பனைக்கு வரும்போது இவ்வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது.

செல்செர்ச் சோதனை

கட்டியிலிருந்து பிரிந்து குருதியில் சுழலும் புற்றுச்செல்களை எண்ணும் செல்செர்ச் சோதனைக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் 2004இல் அனுமதி அளித்தது. பரவிய மார்பகப் புற்றுநோயாளிகள் 177 பேரிடம் நிகழ்த்தப்பெற்று அதே ஆண்டில் வெளியான ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. 7.5 மில்லிலிட்டர் குருதியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட புற்றுச்செல்கள் இருந்தோரின் வாழ்நாள் குறைவாக இருந்ததை அவ்வாய்வு காட்டியது. எனினும், இச்சோதனையைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்யலாகாது என அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2007இல் வழிகாட்டியது. விற்பனைக்கான அனுமதியும் மருத்துவப் பயனுக்கான சான்றும் வெவ்வேறானவை என்பது இதனால் புலனாகும்.

2014இல் வெளியான ஸ்வாக் எஸ்0500 ஆய்வு இவ்வினாவை நேரடியாகச் சோதித்தது. முதற்சுற்று வேதிச்சிகிச்சைக்குப் பின்னரும் புற்றுச்செல் எண்ணிக்கை குறையாத 123 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் அதே மருந்தைத் தொடர்ந்தனர். மற்றவர்க்கு உடனே மருந்து மாற்றப்பட்டது. இடைநிலை வாழ்நாள் முறையே 10.7 மாதங்களும் 12.5 மாதங்களும் ஆகும். இவ்வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் பொருளுடையதன்று. எண்ணிக்கை குறையாதோர் நிலை மோசமானது என்ற முன்கணிப்பு இங்கும் மெய்யாயிற்று. ஆயின் அவ்வறிவைக் கொண்டு அவர்களது வாழ்நாளை நீட்டிக்க இயலவில்லை. சோதனை எச்சரித்தாலும், மாற்றாக அளிக்க அதைவிடச் சிறந்த மருந்து இல்லாமையே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஈஜிஎஃப்ஆர் சோதனை

நுரையீரல் புற்றுநோயில் நிலை வேறு. 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், ஈஜிஎஃப்ஆர் மரபணுத் திரிபு உடையோரிடம் ஜெஃபிடினிப் மருந்து வேதிச்சிகிச்சையைவிட நோய் முற்றுவதை நெடுநாள் தடுத்தது. திரிபு இல்லாதோரிடம் வேதிச்சிகிச்சையே மேம்பட்டிருந்தது. ஒரே மருந்து ஒரு சாரார்க்கு நன்மையாகவும் மறுசாரார்க்குக் குறைவாகவும் அமைவதே பயன்கணிப்புக்கான சான்றாகும். இத்திரிபைக் குருதியில் கலந்துள்ள டி.என்.ஏ.வில் கண்டறியும் கோபாஸ் சோதனை, எர்லோடினிப் மருந்துக்குரிய துணைச் சோதனையாக 2016 ஜூன் மாதம் ஒப்புதல் பெற்றது. எனினும் இதற்கும் எல்லை உண்டு. கட்டியிலிருந்து போதிய டி.என்.ஏ. குருதியில் கலவாவிடில் திரிபு தென்படாது. ஆகவே, ‘இல்லை’ என முடிவு வந்தால் திசுச் சோதனையும் செய்தல் வேண்டும்.

முடிவுரை

முதற்சோதனை உண்மையைச் சொன்னாலும் மருத்துவரின் முடிவை மேம்படுத்தவில்லை. இரண்டாவது, முன்னரே நிறுவப்பெற்ற மருந்துத் தேர்வொன்றைக் குருதியின்வழி எளிதாக்கியது. எனவே, புதிய சோதனையொன்றை மதிப்பிடுவோர் அதன் துல்லியத்தோடு நில்லாமல், சோதனை முடிவின்படி சிகிச்சை பெற்றோர் அவ்வாறு பெறாதோரைவிட நலம் பெற்றனரா எனவும் வினவுதல் வேண்டும். இவ்வினாவுக்கு விடை காணாத சோதனைக்கு நோயாளி பணம் செலுத்துவதோடு, பலன் அளித்திருக்கக்கூடிய மருந்தைக் கைவிடவும் நேரலாம்.