அட்டைக்கும் அலைபேசிக்கும் பின்னால் ஒரு பணிவாழ்வு

ஒரு வங்கி வழங்கிய அட்டையை மற்றொரு வங்கியின் ஏ.டி.எம். ஏற்றுக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவிலும் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் பணம் போய்ச் சேருகிறது. இவை இயந்திரங்களின் திறமை என்று வாடிக்கையாளர்கள் கருதுவது இயல்பே. ஆனால் இயந்திரங்கள் இணைவதற்கு முன்பு, ஒன்றோடொன்று போட்டியிடும் வங்கிகள் ஒரே விதிக்கு இணங்க வேண்டியிருந்தது. வங்கித் தொழில்நுட்பத்துக்குத் தலைமை ஏற்பவரின் உழைப்பில் பெரும்பகுதி அந்த இணக்கத்தை உண்டாக்குவதிலேயே செலவாகிறது. ஏ.பி. ஹோட்டாவின் பணிவாழ்வு இதற்குத் தெளிவான சான்று எனக் கருதுகிறோம்.

ஹோட்டா மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர் அல்லர். 1982-இல் ரிசர்வ் வங்கியில் சேர்ந்து 27 ஆண்டுகள் பணியாற்றியவர். அவற்றுள் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணப்பரிவர்த்தனை முறைகள் சார்ந்த பிரிவுகளில் கழிந்தன. காசோலையின் அடியில் காந்த மையால் அச்சிடப்படும் எண்வரிசை முதல் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வரை அவர் கை படாதவை குறைவு.

என்.பி.சி.ஐ. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், 10 வங்கிகளின் முதலீட்டில் 2008 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் தலைமை அதிகாரியாக ஹோட்டா 2009-இல் பொறுப்பேற்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே, ஏ.டி.எம்.களை இணைக்கும் வலையமைப்பு ஐதராபாத்திலுள்ள ஆய்வு நிறுவனத்திடமிருந்து கழகத்தின் வசம் வந்தது.

2010 நவம்பரில் தொடங்கிய ஐ.எம்.பி.எஸ். சேவைதான் பெரிய திருப்பம். அதுவரை நெஃப்ட் வழியே செல்லும் பணம், வங்கி நேரத்துக்குள் தொகுதி தொகுதியாகவே நகர்ந்தது. புதிய முறையில், அனுப்பும் வங்கியின் செய்தி கழகத்தின் கணினி வழியாகப் பெறும் வங்கியை அடைந்தவுடன், வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வங்கிகளுக்கிடையிலான கணக்கோ பின்னர்தான், நிகரத் தொகையாக, ரிசர்வ் வங்கியில் நேர்செய்யப்படுகிறது. அதாவது, பணம் கைக்கு வரும் முன்பே பெறும் வங்கி வரவு வைத்துவிடுகிறது! காசோலைத் தொகை வசூலாகும் வரை காத்திருந்தே பழகிய எங்களுக்கு இது எளிதில் மனம் ஒப்பும் செயலன்று. ஒரு வங்கி தன் பங்கைச் செலுத்தத் தவறினால் இழப்பை யார் தாங்குவது, ஒருபுறம் பற்று விழுந்து மறுபுறம் வரவு விழாவிட்டால் யார் திருப்பித் தருவது என்பவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி, எல்லா வங்கிகளையும் ஏற்கச் செய்தாக வேண்டும்.

2012-இல் ரூபே அட்டை வந்தது. 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். இட்ட அடித்தளத்தின் மீதே எழுந்தது. மறு ஆண்டு ஹோட்டா ஓய்வு பெற்றார்.

மேற்சொன்ன விதிகளின் பயன், பரிவர்த்தனை பாதியில் நின்றுவிடும்போதுதான் வாடிக்கையாளருக்குப் புலப்படும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, ஏ.டி.எம்.மில் பணம் வராமலே கணக்கில் பற்று விழுந்தால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் அத்தொகை திரும்ப வேண்டும். ஒருவருக்கு அனுப்பிய யு.பி.ஐ. தொகை அவர் கணக்கில் சேரவில்லையெனில் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வாடிக்கையாளர் புகார் அளிக்கும் வரை காத்திராமல் வங்கியே அதனை வரவு வைத்தல் வேண்டும். அவ்வாறு நடக்காவிடில், யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு தங்கள் கிளையை அணுகுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'உதவி மைய' எண்களை மட்டும் அழைக்க வேண்டாம்.