லித்தியம் தேடிப் போகும் பொதுப்பணம்

சுரங்கம் என்றால் என்ன என்று கம்மாபுரம் வட்டாரத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்க நிறுவனமான என்எல்சிக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இப்போது இந்திய அரசே கடல் கடந்து போய், இன்னொரு நாட்டில் கனிமம் தேட நிலம் எடுத்திருக்கிறது.

நால்கோ, இந்துஸ்தான் காப்பர், எம்இசிஎல் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து 2019இல் தொடங்கிய நிறுவனம் 'காபில்'. அது 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கத்தமார்க்கா மாகாணத்தில் 5 லித்தியம் தொகுதிகளை ஒப்பந்தம் செய்தது. பரப்பு 15,703 ஹெக்டேர். திட்டச் செலவு ஏறத்தாழ 200 கோடி ரூபாய். லித்தியம், கோபால்ட், நிக்கல் மூன்றுக்கும் நாம் இறக்குமதியையே நம்பியிருக்கிறோம். தேவை உண்மையானது. அதனாலேயே இந்த முதலீட்டின் ஆபத்தையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கனிமம் இருப்பது வேறு, அதை வெளியே எடுப்பது வேறு. 1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அங்கே சுரங்கம் வெட்டிப் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை எட்டியது 1961இல்தான். நடுவே கால் நூற்றாண்டு. நிலக்கரிக்குக் கீழே பேரழுத்தத்தில் நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் அங்கே சுரங்கமே வெட்ட முடியும். சொந்த மண்ணிலேயே இத்தனை பாடு.

அயல்மண்ணில் இன்னும் கடுமை. மொசாம்பிக் நிலக்கரிக்காக ரியோ டின்டோ 2011இல் ஏறத்தாழ 370 கோடி டாலர் கொடுத்து ஒரு நிறுவனத்தை வாங்கியது. கரியை சாம்பெசி ஆற்றில் படகில் கொண்டுபோகலாம் என்பது கணக்கு. அந்நாட்டு அரசு அனுமதிக்கவில்லை. எடுக்கத்தக்க கரியும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 2014இல் அந்தச் சுரங்கம் வெறும் 5 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியது செயில், என்எம்டிசி போன்ற நம் பொதுத்துறை நிறுவனங்களின் கூட்டான ஐசிவிஎல். அடிமாட்டு விலைதான். ஆனாலும் உலகச் சந்தையில் கரி விலை விழுந்தபோது அவர்களும் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. லித்தியத்திலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு: 2022 இறுதியில் உச்சத்தில் இருந்த விலை, 2024க்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

சட்டமும் ஒரே நாளில் மாறும். பனாமாவில் ஒரு பெரிய செம்புச் சுரங்கத்தின் ஒப்பந்தமே செல்லாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஓடிக்கொண்டிருந்த சுரங்கம் நின்றது. கத்தமார்க்காவிலேயே, லோஸ் பாத்தோஸ் ஆற்றுப் பகுதியில் புதிய லித்தியம் அனுமதிகள் தரக்கூடாது என்று 2024 மார்ச்சில் மாகாண நீதிமன்றம் தடுத்தது. எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஆற்றை என்ன செய்யும் என்று முதலில் ஆராயச் சொன்னது. காபிலின் தொகுதிகள் வேறு இடத்தில் இருந்தாலும் மாகாணம் ஒன்றுதான். வறண்ட மலைப்பகுதியில் தண்ணீர்க் கவலையும் ஒன்றுதான்.

200 கோடி என்பது பெரிய பணம் அல்ல என்பார்கள். ஆய்வுக்கட்டச் செலவுக்கு அது நியாயமான தொகைதான். துளையிட்டுப் பார்த்ததில் என்ன கிடைத்தது, அங்குள்ள நிலத்தடி உப்புநீரில் கரைந்திருக்கும் லித்தியம் எவ்வளவு, அங்கே வாழும் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அடுத்த தவணைப் பணம் போகும் முன்பே நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.