புதிய கெப் வண்டி வேகத்தில் அதிர்வதேன்?

மரக்கறிச் செய்கையில் விளைவிப்பது ஒரு பாதி. விளைந்ததைக் கெடாமற் சந்தை சேர்ப்பது மறு பாதி. நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை, அட்டன் ஆகிய பகுதிகளில், தேயிலைத் தோட்டங்களை அடுத்த நிலங்களில் விளையும் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்பன இரு வழிகளால் மலையை விட்டு இறங்குகின்றன. ஒரு வழி இறம்பொடை, புசல்லாவை, கம்பளை ஊடாகக் கண்டியை அடைந்து, 1999ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் செல்வது. மற்றையது கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை ஊடாகப் பேலியகொடை மனிங் சந்தைக்குச் செல்வது. இவ்வழிகளிற் பெரிய லொறிகளோடு விவசாயிகளின் சொந்தக் கெப் வண்டிகளும் ஓடுகின்றன.

வாகன இறக்குமதி 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. நெடுங்காலம் காத்திருந்து, பெருந்தொகை கொடுத்துப் புதிய வண்டி வாங்கியோர் சிலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. தோட்டப் பாதையிலும் மலை வளைவுகளிலும் குறையின்றி ஓடிய வண்டி, சமநிலத்தில் நல்ல வீதியில் மணிக்கு 80 கிலோமீற்றரை எட்டியதும் நடுங்கத் தொடங்குகிறது. புதிய வண்டியில் இக்குறை எவ்வாறு வந்தது? இதனைப் பொறுத்துக்கொள்ளலாமா? யாரிடம் முறையிடுவது? இவற்றுக்கு விடை காணும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

மலையில் மறைந்திருப்பதன் காரணம்

சில்லு ஒன்றின் ஒரு பக்கத்திற் சிறிது பாரம் கூடியிருந்தால், சுழலும்போது அப்பாரம் சில்லை வெளிப்புறமாக இழுக்கும். அந்த இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். அதாவது, வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கெப் வண்டிகளிற் பரவலாகக் காணப்படும் 265/65 ஆர் 17 அளவு டயரை எடுத்துக்கொள்வோம். அதன் ரிம்மின் உட்புறத்தில் 100 கிராம் சேறு ஒரே இடத்தில் ஒட்டி உலர்ந்திருப்பின், மணிக்கு 40 கிலோமீற்றரில் அது ஒன்றரைக் கிலோகிராமுக்குச் சற்று மேலான பாரம் போல இழுக்கும். 90 கிலோமீற்றரில் அதே சேறு சுமார் எட்டரைக் கிலோகிராம் பாரம் போல, ஒரு செக்கனுக்குப் பத்து முறை, சில்லை மேலும் கீழும் உலுக்கும்.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் சிறு தள்ளலுக்கும் அது உயர எழும். சில்லும் அச்சும் வில்லும் சேர்ந்த அமைப்புக்கும் அவ்வாறே தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 110 கிலோமீற்றர் வரையான வேகத்திற் சில்லின் சுழற்சி அதற்கு இசைந்து வருகிறது. ஆதலினாலேயே, 85இல் நடுங்கும் வண்டி 110ஐ நெருங்குகையிற் சற்று அடங்குவதும் உண்டு. இறம்பொடை வளைவுகளில் 30, 40 கிலோமீற்றருக்கு மேற் செல்ல இயலாமையால், உள்ள குறை அங்கு வெளிப்படுவதில்லை.

முதலில் நோக்குக, பின்னர் மாற்றுக

வாடிய உருளைக்கிழங்குச் செடியைக் கண்டவுடன் மருந்து தெளிக்கும் விவசாயி பணத்தை இழப்பார். அதன் தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட்டால், பக்டீரியா வாடல் நோயாயின் சில நிமிடங்களிற் பால் போன்ற இழை நீரில் இறங்கும். இறங்காவிடில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். வண்டிக்கும் இதுவே விதி. நோயறியாமல் டயரையும் அதிர்வு தாங்கியையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது, வாடலுக்குக் கண்ட மருந்தையெல்லாம் தெளிப்பதை ஒக்கும்.

சாதாரண வீதிகளில் இத்தகைய வேகத்துக்குச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே சோதனை ஓட்டத்தை அதிவேகப் பாதையிலேயே நிகழ்த்தல் வேண்டும். தம்புள்ளையிலிருந்து கொழும்புப் பக்கம் செல்வோருக்கு, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட குருநாகல் – மீரிகமப் பகுதி வசதியானது. 100 கிலோமீற்றர் எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. ஒருவர் வண்டியைச் செலுத்த, அருகிலிருக்கும் மற்றொருவர் பின்வருவனவற்றைக் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும்:

1. அதிர்வு எந்த வேகத்தில் தொடங்கி, எந்த வேகத்தில் மிகுந்து, எந்த வேகத்தில் அடங்குகிறது?

2. அது ஸ்டியரிங்கிலா, ஆசனத்திலா, தரைத்தகட்டிலா உணரப்படுகிறது?

3. எண்ணெய் மிதியை அழுத்தும்போது மிகுகிறதா? காலை எடுத்ததும் மாறுகிறதா?

4. வெறும் வண்டியிலா, பாரம் ஏற்றியபோதா, இரண்டிலுமா?

5. பிரேக் பிடிக்கும்போது மாத்திரம் வருகிறதா?

ஸ்டியரிங் ஆடினால் முன்சில்லுகளையும், ஆசனம் ஆடினால் பின்சில்லுகளையும் முதலில் ஐயுறல் தகும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஓடும்போது இருந்த அதே சுழற்சி எண்ணுக்கு எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டும். நின்ற வண்டியும் அதிர்ந்தால் குறை எஞ்சினிலோ அதன் தாங்கிகளிலோ உள்ளது. அதிராவிடில், சில்லையும் அதனோடு சுழலும் பாகங்களையும் ஆராய்தல் வேண்டும். இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கு ஆபத்தானது, ஒருபோதும் செய்யற்க.

செலவின்றிச் செய்யத்தக்கவை

முதலாவது, சில்லுகளின் உட்புறத்தைக் கழுவுதல். தோட்டப் பாதையின் செம்மண்ணும் வயற்பாதையின் களிமண்ணும் ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டி, இரவில் உலர்ந்து கட்டியாகின்றன. வெளிப்புறத்தை மாத்திரம் கழுவுவோர் கண்ணுக்கு இது படுவதில்லை. நெல்மூட்டை ஏற்றி வயலோரம் நிறுத்தும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். குழாய்நீரை உட்பக்கமாகப் பாய்ச்சி, தூரிகையால் தேய்த்து அகற்றிய பின் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிர்வு முற்றாக நீங்கின் அவ்வளவோடு காரியம் முடிந்தது.

இரண்டாவது, காற்றழுத்தம். வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளந்து, சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்ட அட்டவணைப்படி சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என அமைத்தல் வேண்டும். பாரம் ஏற்றும்போது பின்டயருக்கு வேறு அளவு குறிக்கப்பட்டிருப்பின் அதனைப் பின்பற்றுக.

மூன்றாவது, நெடுநாள் நின்றதால் வந்த தட்டை. கப்பலிலும் களஞ்சியத்திலும் மாதக் கணக்கில் அசையாது நின்ற வண்டியின் டயர், தரையைத் தொட்ட இடத்திற் சற்றுத் தட்டையாகும். சிறிய தட்டை, டயர் சூடேற அரைமணி நேரம் ஓடியதும் நீங்கிவிடும். புறப்படும்போது இருந்து, போகப் போகக் குறையும் அதிர்வு இவ்வகையினது. நாட்பட்ட தட்டை நீங்காது. அந்த டயரை மாற்றுதலே வழி.

நான்காவது, சில்லு நட்டுகள். இவை தளர்ந்திருத்தல் பேராபத்து. வாகனக் கைந்நூலிற் குறித்த அளவுக்கு, எதிரெதிரான நட்டுகளை மாறி மாறி முடுக்குதல் வேண்டும். சில்லைக் கழற்றி மாட்டிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் சோதிப்பது நன்று. ரிம் பொருந்தும் முகத்தில் மண்ணோ துருவோ இருப்பின், நட்டு இறுகினும் சில்லு நேராக அமராது.

பெலன்ஸ் செய்தும் தீராவிடில்

மேற்கூறியவற்றால் பயனின்றேல் நான்கு சில்லுகளையும் பெலன்ஸ் செய்வித்தல் வேண்டும். முன்சில்லின் நேர்நிலை சரிசெய்யும் எலைன்மன்ட் வேறு; அது டயர் ஒருபக்கம் தேய்வதையும் வண்டி ஒருபக்கம் இழுப்பதையும் தீர்க்குமேயன்றி, சீரான நடுக்கத்தைத் தீர்ப்பதரிது.

பெலன்ஸ் இயந்திரம் பாரம் சமமாக உள்ளதா என்பதையே காட்டுகிறது. பாரம் சமமாக இருந்தும் டயர் முழுவட்டமாக இல்லாதிருக்கலாம், ரிம் வளைந்திருக்கலாம், டயரின் ஒருபக்கம் மறுபக்கத்தினும் விறைப்பாக இருக்கலாம். முதலிரண்டையும் கண்ணாற் காணலாம். ஜாக்கியால் உயர்த்தி, வண்டியை உறுதியான தாங்கியில் நிறுத்திய பின், டயரின் ஓடுமுகத்துக்கு மிக அருகே ஒரு குச்சியை அசையாது ஊன்றிச் சில்லைக் கையாற் சுழற்றுக. குச்சிக்கும் டயருக்கும் இடையேயுள்ள வெளி கூடிக்குறையுமாயின் வட்டம் பிழை. விறைப்பின் வேறுபாட்டை அறிய, டயர்மீது உருளையை அழுத்திச் சோதிக்கும் விசேட இயந்திரம் வேண்டும். அதுவுள்ள பெரிய நிலையத்தை நாடுதல் தகும்.

நான்கு டயர்களும் ஒரே வகையாயின் முன்சில்லுகளைப் பின்னும் பின்சில்லுகளை முன்னும் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு ஸ்டியரிங்கிலிருந்து ஆசனத்துக்கு இடம்பெயர்ந்தால் குற்றவாளி சில்லே. இடம்பெயராவிடில் சில்லில் குற்றமில்லை.

நீண்ட தண்டின் குறை

கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் புரொப்பலர் தண்டு, சில்லு ஒருமுறை சுழல்வதற்குள் ஏறத்தாழ நான்கு முறை சுழலும். இது வண்டிக்கு வண்டி சற்று வேறுபடும். ஆகவே, சில்லின் குறை கண்ணாற் காணத்தக்க ஆட்டமாகவும், தண்டின் குறை பாதத்தில் உணர்ந்து காதாற் கேட்கும் ரீங்காரமாகவும் தோன்றும். எண்ணெய் மிதியை அழுத்துகையிலும் விடுகையிலும் அது மாறுமாயின் ஐயம் வலுப்படும்.

தண்டு வளைந்திருத்தல், அதில் ஒட்டிய சமன்தகடு விழுந்திருத்தல், யுனிவர்சல் மூட்டு தேய்ந்திருத்தல், இருதுண்டுத் தண்டின் நடுத்தாங்கி தளர்ந்திருத்தல் என்பன காரணங்களாகும். மிகுந்த பாரம் ஏற்றக் கருதிப் பின்வில்லுக்கு மேலதிக இலைகளைச் சேர்ப்பதும் ஒரு காரணமே. அதனால் வண்டியின் பின்புறம் உயர, தண்டின் மூட்டுக்கோணம் மாறி, முன்பு இல்லாத அதிர்வு உண்டாகிறது. தண்டின் குறையைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரிடமே விடுதல் வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது மாத்திரம் தோன்றும் நடுக்கம் வேறு வகை. பிரேக்தட்டின் தடிப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதாலோ, நட்டுகளைச் சமமின்றி முடுக்கியதால் தட்டு கோணியதாலோ அது எழும். நீண்ட இறக்கங்களில் பிரேக்கை விடாது அழுத்தாமல், குறைந்த கியரில் இறங்குதல் தட்டைக் காக்கும்.

உத்தரவாதத்தைக் காத்தல்

புதிய வண்டியின் பெரும் பலம் உத்தரவாதமே. அதிர்வு நீடிக்குமாயின் வாய்ச்சொல்லோடு நில்லாது எழுத்தில் முறையிடுதல் வேண்டும். திகதி, ஓடிய தூரம், அதிரும் வேகம், உணரப்படும் இடம், செய்து பார்த்த சோதனைகள் ஆகியவற்றை எழுதி, பிரதியொன்றை வைத்துக்கொள்க. நிலையத்தின் தொழில்நுட்பவியலாளரை உடனமர்த்தி, அதே வேகத்தில் ஓட்டிக் காட்டுமாறு கோருக. பட்டினத்து நெரிசலில் 40 கிலோமீற்றரில் ஓட்டிப் பார்த்துக் குறையில்லை எனக் கூறுவதை ஏற்றல் வேண்டியதில்லை. முறைப்பாடு தீருமுன் ரிம்மையோ டயர் அளவையோ வில்லையோ வெளியே மாற்றினால், குறைக்குக் காரணம் அம்மாற்றமே என்று கூற இடமுண்டாகும்.

அதிர்வைப் பழகிப்போன ஒன்றாகக் கருதுதல் தவறு. அது டயரைத் திட்டுத்திட்டாகத் தேய்க்கும், தாங்கிகளைத் தளர்த்தும், பெட்டியின் மேலடுக்கிலுள்ள தக்காளியையும் கரட்டையும் ஓயாது குதிக்கச் செய்து தோலை உராய்க்கும். உராய்ந்த காய் சந்தையில் விலை இழக்கும். எல்லாவற்றிலும் மேலாக, தளர்ந்த நட்டும் வீங்கிய டயரும் முதலில் தரும் எச்சரிக்கை இந்நடுக்கமே. டயரின் பக்கத்தில் வீக்கமோ வெடிப்போ காணப்பட்டாலும், நடுக்கம் திடீரெனத் தோன்றினாலும், அல்லது நாளுக்கு நாள் வளர்ந்தாலும் வண்டியை அன்றே நிறுத்துதல் வேண்டும்.

கழுவுதல், அளத்தல், முடுக்குதல், குறித்தல் ஆகிய நான்கும் விவசாயியின் கைக்குள் உள்ளவை. இவற்றை முடித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றி, பலனை எழுதிக்கொண்டு கராஜுக்குச் செல்பவர் தேவையற்ற செலவுக்கு ஆளாகார். வண்டியும் பாரமும் பத்திரமாகச் சந்தை சேரும்.