நம் கம்ப்யூட்டருக்கு வழி காட்டிய 48 விரிவுரைகள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். "காலையில் இதில் கடிதம் டைப் செய்கிறேன். மாலையில் மகன் செஸ் விளையாடுகிறான். உள்ளே ஒரு ஒயரைக்கூட மாற்றுவதில்லை. ஒரே மெஷின் எப்படி சார் இரண்டு வேலையும் செய்கிறது?" எளிமையான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல 1946ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மின் பொறியியல் பிரிவுக்கு அப்போது மூர் ஸ்கூல் என்று பெயர். அந்த ஆண்டு பிப்ரவரியில் எனியாக் என்ற கம்ப்யூட்டரைப் பத்திரிகையாளர்களுக்கு இயக்கிக் காட்டியவர்கள் இவர்கள்தான். சுமார் 18,000 வால்வுகள், 30 டன் எடை! வேகம் எல்லோரையும் அசத்தியது. ஆனால் ஒரு கணக்கிலிருந்து வேறு கணக்குக்கு மாற வேண்டுமென்றால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, ஸ்விட்சுகளையும் மாற்றி வைக்க வேண்டும். இதற்கே நாள்கணக்கில் ஆகும். எனவே கட்டளைகளையும் எண்களைப் போலவே மெமரியில் வைத்துவிடலாம் என்ற யோசனை அந்தக் குழுவில் உருவானது. அது யாருடைய யோசனை என்ற சண்டை தனிக் கதை.

யோசனையைப் பூட்டி வைப்பதா, ஊருக்குச் சொல்வதா? எனியாக்கை வடிவமைத்த எக்கர்ட், மாக்லி இருவரும் காப்புரிமைத் தகராறில் மார்ச் மாதமே பல்கலைக்கழகத்தை விட்டு விலகியிருந்தார்கள். ஆனாலும் ஜூலை 8 முதல் ஆகஸ்ட் 31 வரை மூர் ஸ்கூல் நடத்திய 48 விரிவுரைகளில் பாடம் எடுக்க இருவரும் வந்தார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். கேட்க வந்தவர்கள் சுமார் 28 பேர். எல்லோரும் அழைப்பின் பேரில் வந்த நிபுணர்கள்.

அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ். போர் முடிந்த நேரம், கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது கடைசி இரண்டு வாரங்களே பாக்கி! விட்டுப்போன பாடத்துக்காக வருந்திக்கொண்டு உட்காராமல், ஊர் திரும்பும் கப்பலிலேயே புதிய கம்ப்யூட்டருக்கான திட்டத்தை வரையத் தொடங்கிவிட்டார். அதுதான் எட்சாக். கட்டளைகளை மெமரியில் வைத்து இயங்கிய முதல் மெஷின் 1948இல் மான்செஸ்டரில் ஓடிய சிறிய சோதனை மெஷின்தான். ஆனால் ஆராய்ச்சியாளர்களின் அன்றாடக் கணக்குகளுக்குப் பயன்பட்டது எட்சாக்.

நண்பரின் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. நீங்கள் செஸ் ஐகானை டபுள் கிளிக் செய்தவுடன் அதன் கட்டளைகள் டிஸ்க்கிலிருந்து ராம் மெமரிக்கு வருகின்றன. பிராசசர் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றுகிறது. அன்று ஒயர் செய்த வேலையை இன்று ராமில் உள்ள எண்கள் செய்கின்றன. ராம் குறைவாக இருந்தால் பல புரோகிராம்களைச் சேர்த்துத் திறக்கும்போது கம்ப்யூட்டர் திணறுவதும் இதனால்தான். எட்சாக்கின் மெமரி தொடக்கத்தில் ஏறக்குறைய 1 கிலோபைட் மட்டுமே!

1949 மே 6 அன்று எட்சாக் தன் முதல் புரோகிராமை இயக்கியது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிட அது எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 35 விநாடி. இன்று மாலை எக்செல் திறந்து, ஒரு காலத்தில் இதே எண்களைக் கொடுத்து, அடுத்த காலத்தில் வர்க்கத்துக்கான ஃபார்முலாவை மவுசால் கீழே இழுத்துப் பாருங்கள்.