கண் இமைக்க மறக்கலாமா?



ஒரு சின்னப் போட்டி வைத்துக்கொள்வோமா? கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி, கண்ணை இமைக்காமல் இருங்கள். பத்து விநாடி... பதினைந்து விநாடி... எரிகிறதா? தண்ணீர் கோர்க்கிறதா? போதும், இமைத்துவிடுங்கள். எவ்வளவு சுகமாக இருக்கிறது பார்த்தீர்களா! அந்தச் சுகத்தைக் கொடுத்தது எது என்று இன்று தெரிந்துகொள்ளலாம்.

கண்ணீருக்கு என்ன வேலை?

மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில் ‘வைப்பர்’ இப்படியும் அப்படியும் ஆடுமே, அதுபோலத்தான் நம் இமையும். ஆனால் ஒரு வித்தியாசம். வைப்பர் தண்ணீரைத் தள்ளிவிடும். இமையோ தண்ணீரைக் கண் முழுவதும் பூசிவிடும்.

கண்ணீர் அழுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நாம் சிரிக்கும்போதும் கண்ணில் கண்ணீர் மெல்லிய படலமாக இருந்துகொண்டே இருக்கிறது. அதில் மூன்று பொருள்கள் உண்டு. கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் வழுவழுப்பான பொருள், தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். ரசத்தின் மேல் எண்ணெய் மிதக்கிறதே, அதுபோல. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடாமல் இந்த எண்ணெய் காக்கிறது. இமை ஓரத்தில் வரிசையாக உள்ள மிகச் சிறிய சுரப்பிகள் இதைத் தருகின்றன. வேலை முடிந்த கண்ணீர், மூக்கை ஒட்டிய கண் ஓரத்தில் உள்ள இரண்டு சிறு துளைகள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

திரையைப் பார்த்தால் இமை தூங்குகிறது!

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். கணினியையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது இது ஐந்து, ஆறு முறையாகக் குறைந்துவிடுகிறது. அந்த இமைப்பும் பல நேரங்களில் அரைகுறைதான். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடித்தால் கேட்கவே வேண்டாம். கண்ணீர்ப் படலம் அங்கங்கே உலர்ந்துவிடும். மண் விழுந்ததுபோல் உறுத்தும், எரியும், சிவக்கும். சில சமயம் கண்ணில் தண்ணீர் கொட்டும். உலர்ந்த கண் உதவி கேட்பதன் அடையாளம் அது!

இதை நீங்களே சோதிக்கலாம். தம்பியோ தங்கையோ கணினியில் விளையாடும்போது, சொல்லாமல் ஒரு நிமிடம் அவர்களின் இமைப்பை எண்ணுங்கள். பிறகு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இன்னொரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டையும் நோட்டில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருபது, இருபது, இருபது

கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது, அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கி லென்ஸைத் தடிக்க வைக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது தசை தளர்ந்து ஓய்வு எடுக்கிறது. இரண்டு மணி நேரம் விடாமல் திரையைப் பார்த்தால், அந்தத் தசைக்கு ஓய்வே இல்லை. தலைவலி வருகிறது, பார்வை சற்று மங்குகிறது.

இதற்கு எளிய வழி இருக்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஒரு பொருளை, 20 விநாடி பாருங்கள். எதிர் வீட்டு மொட்டை மாடியோ தெருமுனை வேப்பமரமோ போதும். அப்போது கண்ணை நன்றாக மூடி மூடித் திறங்கள்.

வளரும் கண்

எரிச்சலும் களைப்பும் ஓய்வு எடுத்தால் போய்விடும். ஆனால் ஓய்வால் போகாத ஒன்று உண்டு. அதுதான் கிட்டப்பார்வை.

பிறந்த குழந்தையின் கண் முன்னும் பின்னுமாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு அது சுமார் 24 மில்லிமீட்டர். வளரும் வயதில் கண் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. நீண்ட கண் மறுபடி குறுகாது. கேரட்டும் முருங்கைக்கீரையும் கண்ணுக்கு மிக நல்லவை. அவற்றில் இருந்து கிடைக்கும் வைட்டமின் ‘ஏ’ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். ஆனால் அவற்றைச் சாப்பிட்டுக் கண்ணாடியின் பவரைக் குறைக்க முடியாது.

இன்னொரு மருந்து, விளையாட்டு மைதானத்தில் இலவசமாகக் கிடைக்கிறது! சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விளையாடியவர்களில் 30 பேருக்குத்தான் வந்திருந்தது. 2015இல் இந்த முடிவு வெளியானது. தைவானில் 2010 முதலே, மாணவர்கள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள்.

வகுப்பறை வெளிச்சம் சில நூறு ‘லக்ஸ்’தான். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சம் கண் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்க உதவுகிறது. அதற்காகச் சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள். அது கண்ணையே கெடுத்துவிடும்.

மறைக்காதீர்கள்!

நான் ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், கடைசி பெஞ்சில் இருந்து பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்தே எழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘கவனிக்காத பையன்’ என்று பெயர் எடுத்துவிடுவார்கள். முன் பெஞ்சுக்கு மாற்றினால் தானாகவே எழுதுவார்கள். அவர்களுக்குக் கவனம் குறையவில்லை, பார்வைதான் குறைந்திருந்தது. ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்வார்களே என்ற பயத்தில் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்று சிலர் சொல்வதும் தவறு. கண் வளரும் வயதில் பவர் கூடுவது கண்ணாடியால் அல்ல. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பரிசோதனை செய்து இலவசமாகவே கண்ணாடி தருகிறார்கள். கரும்பலகை மங்கினாலும், டி.வி.யை நெருங்கிப் போய்ப் பார்க்கத் தோன்றினாலும், அன்றைக்கே அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லிவிடுங்கள்.

நினைவில் வையுங்கள்

* கணினித் திரை ஒரு கை நீட்டும் தூரத்தில், கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும்.
* புத்தகத்தை முகத்தில் இருந்து ஓர் அடிக்கும் குறையாத தூரத்தில் பிடியுங்கள்.
* இருட்டில் போர்வைக்குள் செல்போன் பார்க்க வேண்டாம்.
* கண் உறுத்தினால் கசக்காதீர்கள். கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.
* தினமும் வெளியில் ஓடி விளையாடுங்கள்.
* கண்ணாடி போட்ட நண்பனை யாராவது கேலி செய்தால், நீங்கள் அவன் பக்கம் நில்லுங்கள்.

இவ்வளவு நேரம் படித்தீர்களே, எத்தனை முறை இமைத்தீர்கள்? சரி, தாளை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள். வெளிச்சம் இருந்தால், பந்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்!